கருவில் ஓடிய ரத்தத்தைப் பூட்டி வைக்கும் புரதம்

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகையோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல்தான் இருக்கும். அரை வயது நெருங்கும்போதுதான் விரல்கள் வீங்குவதும் வலியில் அலறுவதும் ஆரம்பிக்கும். பிறவிக் கோளாறுதானே, அப்புறம் ஏன் இத்தனை மாதம் தாமதம்? நியூயார்க், புரூக்ளினில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன் 1948-லேயே இதைக் கவனித்து, கருவில் ஓடிய ஹீமோகுளோபின் (சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) இன்னும் மிச்சமிருப்பதுதான் குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். வயிற்றில் இருக்கும்போது நம் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, காமா என்று இரண்டு வகைச் சங்கிலிகள். தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள இந்தக் காமாதான் தோது. பிறந்த பிறகு காமா படிப்படியாகக் குறைந்து அந்த இடத்துக்கு பீட்டா வந்துவிடும். அரிவாள் செல் நோயில் பிழை இருப்பது பீட்டா மரபணுவில், அதுவும் ஒரே ஓர் எழுத்தில்: 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. காமாவில் ஒரு குறையும் இல்லை. அது எங்கேயும் தொலைந்தும் போவதில்லை, சாகும்வரை முழுசாக நம் டிஎன்ஏவிலேயே கிடக்கிறது. யாரோ அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த யாரோ ஒரு புரதம், பெயர் பிசிஎல்11ஏ. 2007, 2008-ல் பெரியவர்களான பிறகும் கொஞ்சம் கூடுதலாகக் காமா வைத்திருந்தவர்களின் மரபணுக்களை, சார்டினியா தீவுக்காரர்கள் உட்பட, அலசியபோது, பீட்டாவும் காமாவும் இருக்கும் 11-ஆம் குரோமோசோமைத் தாண்டி 2-ஆம் குரோமோசோமில் இருந்த இந்த மரபணு சிக்கியது. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின், விஜய் சங்கரன் குழுவினர் சிவப்பணு ஆகப்போகும் செல்களில் இந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். நின்றுபோன காமா திரும்பவும் உருவாக ஆரம்பித்தது.

எந்த மரபணுவைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று டிஎன்ஏவில் உட்கார்ந்து முடிவு செய்யும் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறார்கள். முடுக்கிவிடுபவை, அடக்குபவை இரண்டும் உண்டு. பிசிஎல்11ஏ இங்கே அடக்கும் வேலையைப் பார்க்கிறது. துத்தநாக அணு பிடித்து நிறுத்திய விரல் போன்ற மடிப்புகள் அதற்கு உண்டு, அவற்றால் டிஎன்ஏவைத் தடவி டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறு எழுத்துகளைக் கண்டுபிடிக்கும். காமா மரபணு தொடங்குவதற்குச் சுமார் 115 எழுத்துகளுக்கு முன்னால் இந்த ஆறும் இருப்பதையும், பூட்டு அங்கேதான் விழுகிறது என்பதையும் 2018-ல் உறுதி செய்தார்கள். அந்த வரியைக் கொஞ்சம் நீட்டிப் படித்தால் டி-ஜி-ஏ-சி-சி-ஏ-ஏ-டி. கடைசி ஐந்தைப் பாருங்கள், சி-சி-ஏ-ஏ-டி. காமாவை முடுக்கிவிடும் என்எஃப்-ஒய் என்ற இன்னொரு புரதம் வந்து உட்காரும் இடம் அது! மூன்று எழுத்துகள் இருவருக்கும் பொது என்பதால் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவருக்கு இடமில்லை. போதாததற்கு, பிசிஎல்11ஏ தன்னோடு ஒரு பட்டாளத்தையே கூட்டி வந்து சுற்றுவட்டார டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டவும் செய்கிறது. இந்த இடத்தில் ஓர் எழுத்து மாறிப் பிறந்த சிலருக்கு ஆயுள் முழுக்கக் காமா உருவாகிக்கொண்டே இருக்கும், அதனால் அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை.

சரி, பிசிஎல்11ஏவை ஒழித்துவிட்டால் போயிற்றே என்றால், முடியாது. மூளை வளர அது வேண்டும், நோய் எதிர்ப்புக்கான பி செல்கள் உருவாகவும் வேண்டும். பிறவியிலேயே இதன் ஒரு பிரதி பழுதான குழந்தைகளுக்குக் காமா கூடுதலாக இருக்கும், கூடவே அறிவுத்திறன் வளர்ச்சியும் பின்தங்கும். 2013-ல்தான் வழி தெரிந்தது. பிசிஎல்11ஏ மரபணுவுக்குள்ளேயே, சிவப்பணு வம்சத்தில் மட்டும் அதைத் தூண்டிவிடும் ஒரு துண்டு இருக்கிறது. ஜிஏடிஏ1 என்ற மற்றொரு காரணி அங்கே வந்து உட்கார வேண்டும். டிஎன்ஏவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவியைக் கொண்டு அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் மூளைக்குப் பாதிப்பில்லை, ரத்தத்தில் மட்டும் பூட்டு திறக்கும். பிழையுள்ள பீட்டாவை யாரும் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம்.

அமெரிக்காவின் விக்டோரியா கிரே 2019-ல் இந்தச் சிகிச்சையைப் பெற்றார். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் கேஸ்ஜெவி என்ற பெயரில் இதற்கு அனுமதி தந்தன. விலை அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். ரத்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, வெட்டி, பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்துவிட்டு உள்ளே விட வேண்டும். இந்தியாவில் இந்த நோயின் மரபணு முதன்முதலில் 1952-ல் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அங்கே இந்த விலையைப் பற்றிப் பேசவே முடியாது. அதனால்தான் பிசிஎல்11ஏ புரதத்தையே செல்லுக்குள் சிதைக்கும் மாத்திரை கிடைக்குமா என்று பல ஆய்வகங்கள் தேடுகின்றன. ஆனால் மாத்திரை ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகும். வெட்டு சிவப்பணுவுக்கு மட்டும் என்று இருந்த வசதி அதில் கிடையாது, பி செல்களையும் மூளையையும் அது விட்டுவைக்கிறதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.