மோனசைட்: கருமணல் அன்று

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கடற்கரை மணலைப் பற்றிப் பேச்செடுத்தால், “இதைக் கொண்டுபோய்த்தான் அணுகுண்டு செய்தார்கள்” என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். அவர் சொல்லும் பொருள் மோனசைட் என்ற கனிமம். ஆனால் பேச்சில் அது ‘கருமணல்’ ஆகிவிடுகிறது. கறுப்பாக மின்னுவது இல்மனைட் என்ற வேறு கனிமம். சிவப்பு மணிகள் கார்னெட். மோனசைட் தேன் நிறம். ஒரு பிடி மணலை வெள்ளைத்தாளில் பரப்பி வலுவான காந்தத்தைக் காட்டினால் கறுப்பு மணிகள்தான் முதலில் ஒட்டும். அந்தக் காந்தத்துக்கு வலுவைத் தரும் நியோடிமியம் மோனசைட்டிலிருந்தும் எடுக்கப்படுவது என்பது வேடிக்கை.

‘தனித்திருத்தல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ‘மோனசைட்’ என்ற பெயர். ரஷ்யாவில் கிடைத்த படிகங்கள் ஒன்றிரண்டாகத் தனித்தே இருந்ததால் ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரைட்ஹாப்ட் 1829இல் அப்படிப் பெயரிட்டார். நம் கரையிலோ இல்மனைட், சிர்கான், ரூட்டைல், கார்னெட் என்று அது பெரிய கூட்டுக்குடும்பத்தில் வாழ்கிறது.

1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட்டைக் கண்டறிந்து, மறு ஆண்டே மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். அவர் தேடியது மோனசைட்டில் உள்ள கதிரியக்கத் தனிமமான தோரியத்தை, அதுவும் விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மாண்டில் என்ற வலைத்திரி வெள்ளையாக எரிந்தது தோரியம் ஆக்சைடால்தான். அணுக்கரு என்ற ஒன்று உண்டென்று ரூதர்போர்டு சொன்னதே 1911இல். ஆகவே குண்டுக்காக ஜெர்மானியர் மணல் அள்ளினார்கள் என்ற கதை நிற்காது.

ஹிரோஷிமாவில் வெடித்தது யுரேனியம்-235, நாகசாகியில் புளூட்டோனியம். தோரியம் தானாக வெடிக்காது. நியூட்ரானை விழுங்கி, புரோட்டாக்டினியமாக மாறி, கடைசியில் யுரேனியம்-233 ஆன பிறகே பிளவுபடும் எரிபொருளாகிறது. அதனுடன் உருவாகும் யுரேனியம்-232இன் வழித்தோன்றல்கள் கடுமையான காமாக் கதிர் வீசுவதால் கையாள்வதும் பெரும்பாடு. 1955இல் நெவாடாவில் அமெரிக்கா யுரேனியம்-233ஐப் புளூட்டோனியத்துடன் சேர்த்து வெடித்துப் பார்த்தது. 1974 பொக்ரானில் வெடித்ததும் புளூட்டோனியமே.

இருந்தும் ஊர்ப்பேச்சு முழுக்கக் கற்பனை அல்ல. உலகின் யுரேனியத்தையும் தோரியத்தையும் தங்கள் பிடியில் வைக்க அமெரிக்காவும் பிரிட்டனும் 1944இல் ஒரு கூட்டு அமைப்பையே உருவாக்கின. 1947இல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரைத் தனிநாடாக்க முனைந்தபோது, அன்று அந்தச் சமஸ்தானத்தில் இருந்த இந்த மணலும் அவர் கையில் ஒரு துருப்புச்சீட்டு. விடுதலைக்குப் பின் இந்தியா மோனசைட் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. அணுகுண்டு இந்த மணலைத் தொட்டது அரசியலில்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘தோரிய மணல்’ பாதி உண்மை. இங்குள்ள மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களின் பாஸ்பேட். ‘தனிக்கல்’ என்று மூலத்தைப் பெயர்த்தால் யாருக்கும் புரியாது. கனிமத்தின் பெயராக ‘மோனசைட்’ இருக்கட்டும். விளக்கம் தேவைப்படும் இடத்தில் ‘அருமண் கனிமம்’ போதும். ‘தாதுமணல்’ கலவை முழுவதற்கும், ‘கருமணல்’ இல்மனைட் மிகுந்த மணலுக்கும் பொருந்தும்.