அக்ரோனமி – உழவியல்

வேளாண் கல்லூரிகளின் துறைப் பெயர்ப் பலகைகளிலும், விதை நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளிலும், பயிர் ஆய்வுக் கட்டுரைகளிலும் இன்று பரவலாகக் காணப்படும் சொல் 'அக்ரோனமி'. இதைத் தமிழில் வேளாண்மை, வேளாண்மையியல், பயிரியல், பயிர் மேலாண்மை, உழவியல் என்று பலவாறாக எழுதி வருகிறோம். ஒரே கட்டுரைக்குள் இவற்றில் இரண்டு மூன்று சொற்கள் மாறிமாறி வந்து, படிப்பவர் அவை வெவ்வேறு துறைகளோ என்று மயங்குவதும் உண்டு. இவற்றுள் உழவியல் என்பதே பொருந்துகிறது என்பதும், அதன்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறை நம் பழைய வழக்கையும் இன்றைய வயல் வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் நிற்காது என்பதும் என் கருத்து.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெல், சோளம், கம்பு, துவரை, உளுந்து, நிலக்கடலை, எள், பருத்தி, கரும்பு, தீவனப் பயிர்கள் போன்ற வயற்பயிர்களை, அவை நிற்கும் மண்ணோடும் கிடைக்கும் நீரோடும் பருவத்தோடும் பொருத்திப் பார்த்து, எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது, எருவையும் உரத்தையும் எந்த அளவில் எத்தனை தவணையாக இடுவது, களையை எப்போது எடுப்பது, ஒரு பயிருக்குப் பின் எந்தப் பயிர் வந்தால் நிலம் கெடாமல் இருக்கும் என்றெல்லாம் ஆராய்ந்து சொல்லும் துறையே அக்ரோனமி. செடியின் உடலமைப்பைத் தாவரவியல் விளக்கும். மண்ணின் தன்மையை மண்ணியல் விளக்கும். இவ்விரண்டு அறிவையும் ஒரு குறிப்பிட்ட வயலில், ஒரு குறிப்பிட்ட பருவத்தில் ஒன்றாக வைத்து 'இங்கே என்ன செய்வது' என்று முடிவெடுப்பது இத்துறையின் வேலை.

சொல்லின் வேர் கிரேக்கம். 'அக்ரோஸ்' என்றால் வயல். லத்தீனில் இதன் உடன்பிறப்பு 'ஆகெர்', அதிலிருந்து வந்ததே 'அக்ரிகல்ச்சர்'. பின்பாதியான 'நோமோஸ்' என்பதற்கு வழக்கு, முறைமை, சட்டம் என்ற பொருள்கள் உண்டு. அதன் வினையடி பங்கிடுதல், வகுத்து ஆளுதல் என்ற பொருள் உடையது. ஆக, சொல்லின் நேர்ப்பொருள் வயலை வகுத்து ஆளுதல். பண்டைய கிரேக்கத்தில் இது ஓர் அறிவுத்துறையின் பெயராக இல்லாமல் ஒரு பதவியின் பெயராகவே இருந்தது. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில், நாட்டுப்புறத்தைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, அவற்றைச் சுற்றிவந்து காக்க 'அக்ரோனோமோய்' என்னும் அலுவலர்களை வகுக்கிறார். எல்லைக் காவலும் பாதைப் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. அவற்றோடு, உயர்ந்த இடங்களிலிருந்து இறங்கும் மழைநீர் நிலத்தை அரித்துச் செல்லாதபடி பள்ளங்களில் கரைகட்டித் தேக்கி, கீழே உள்ள வயல்களுக்கும் ஊர்களுக்கும் பயன்படச் செய்வதும் அவர்கள் கடமையாகச் சொல்லப்படுகிறது. நிலத்தின் மேல் விழும் நீரைத் திட்டமிட்டு ஆள்பவர் என்ற அந்தப் பழைய பொருள் இன்றைய துறையின் உள்ளேயும் இருக்கிறது.

இன்றைய பொருளில் இச்சொல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சில் வழக்கிற்கு வந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நுழைந்தது. அதற்கு முன் ஆங்கிலத்தில் இவ்வேலைக்கு 'ஹஸ்பண்ட்ரி' என்று பெயர். அது வீட்டுத் தலைவன் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. குடும்பத் தலைவன் தன் அனுபவத்தால் செய்துவந்த தொழிலை, அளந்து எழுதி மற்றொருவர் சோதித்துப் பார்க்கத்தக்க அறிவாக மாற்ற முனைந்த காலத்தில்தான் புதிய சொல் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் 1843இல் ஜான் பென்னட் லாஸ் தொடங்கிய பிராட்பாக் கோதுமைச் சோதனை இம்மாற்றத்தின் பெரிய சான்று. ஒரே வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒன்றில் தொழுவுரம், சிலவற்றில் வெவ்வேறு உரங்கள், ஒன்றில் எதுவுமே இடாமல் ஆண்டுதோறும் கோதுமை விளைவித்து எடைபோட்டு வருகிறார்கள். அது இன்றும் நடக்கிறது. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையும் இவ்வகையைச் சேர்ந்ததே. சைதாப்பேட்டையில் 1868இல் உருவான வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தமிழில் இத்துறையின் சொற்கள் பெரும்பாலும் அங்கிருந்து வெளிவந்த கையேடுகள் வழியாகவே உழவர்களிடம் சென்றன. அமெரிக்காவில் 1907இல் அக்ரோனமிக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது.

இனித் தமிழ்ச் சொற்களைப் பார்க்கலாம். வேளாண்மை என்பது 'அக்ரிகல்ச்சர்' என்ற பெரும்பரப்பிற்கு நிலைபெற்றுவிட்ட சொல். கால்நடை, மீன், பட்டுப்புழு, வேளாண் பொறியியல், சந்தை எல்லாம் அதற்குள் அடங்கும். அதன் ஒரு கிளைக்கும் அதே பெயரை வைத்தால் முழுமைக்கும் பகுதிக்கும் வேறுபாடு தெரியாது. மேலும் திருக்குறளில் வேளாண்மை என்பது உபகாரம், ஈகை என்ற பொருளிலேயே வருகிறது. 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்னும் 81ஆம் குறளில் அது விருந்தினருக்குச் செய்யும் உதவி. பயிர்த்தொழிலைப் பற்றிய அதிகாரத்திற்கு வள்ளுவர் இட்ட பெயர் உழவு. பயிரியல் என்ற சொல்லில் மண்ணும் நிலமும் இல்லை. கேட்பவருக்கு அது தாவரவியலின் ஒரு பகுதி போலவே தோன்றும். பயிர் மேலாண்மை நல்ல சொற்றொடர். ஆனால் அது செய்யும் வேலையின் பெயர், துறையின் பெயராக நீட்டிக்க இயலாது. சாகுபடி தெலுங்கிலிருந்து வந்து நம் கிராமங்களில் நன்றாக வேரூன்றிய சொல். 'சாகுபடிக் குறிப்புகள்' என்பது எல்லோருக்கும் விளங்கும், எனினும் அதனோடு இயல் சேர்த்தால் நாவில் நிற்பதில்லை.

உழவியல் என்ற சொல்லில் இயல் என்பது தன்மை, நெறி என்ற பொருள்களோடு தொல்காப்பியத்தின் பெயரியல், வினையியல் முதலிய உட்பிரிவுப் பெயர்களிலேயே இருப்பது. கிரேக்க 'நோமோஸ்' ஈறாக வரும் வேறு இரு துறைகளை வானியல், பொருளியல் என்று நாம் ஏற்கெனவே அழைக்கிறோம். உழவியல் அந்த வரிசையில் இயல்பாக அமர்கிறது.

இச்சொல்லின்மேல் சொல்லப்படும் குறை, உழவு என்றால் ஏர் ஓட்டுவது மட்டும்தானே, விதைப்பும் நீர்ப்பாய்ச்சலும் களையெடுப்பும் அதில் எப்படி அடங்கும் என்பது. உழு என்ற வினையைப் பொறுத்தவரை இது சரியே. கன்னடத்திலும் மலையாளத்திலும் உள்ள இனச்சொற்கள் மண்ணைக் கீறிப் புரட்டுவதையே குறிக்கின்றன. புறநானூற்றின் 168ஆம் பாடலில், காந்தள் கிழங்கைத் தோண்டி எடுக்கக் காட்டுப்பன்றிகள் தம் கூட்டத்தோடு நிலத்தைக் கிளறிப் போட்டதும் 'கேழல் உழுத பூழி' என்றே சொல்லப்படுகிறது. அந்தப் புழுதியில் குறவர்கள் நல்ல நாளும் ஏற்ற பதமும் பார்த்துத் தினை விதைக்கிறார்கள். அதைப் புலவர் 'உழாஅது வித்திய' என்கிறார். உழாமலும் விதைக்கலாம் என்பது அவருக்குத் தெரியும், ஆகவே உழுதல் என்பது மண் புரட்டும் செயல் ஒன்றே என்று வாதிடலாம்.

ஆனால் உழவு என்ற தொழிற்பெயர் அச்செயலோடு நின்றுவிடவில்லை. வள்ளுவரின் அந்த அதிகாரத்தில் 1038ஆம் குறள், 'ஏரினும் நன்றால் எருவிடுதல் கட்டபின் நீரினும் நன்றதன் காப்பு' என்கிறது. ஏர் உழுவதைவிட எரு இடுவது நல்லது. களை எடுத்தபின், நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பது நல்லது. உழுதல், எருவிடுதல், களையெடுத்தல், நீர்பாய்ச்சல், பயிர்காத்தல் என்னும் ஐந்தும் உழவு என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அவற்றுள் ஏர் ஓட்டுவதற்குத் தனி முதன்மை தரப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. இன்றைய உழவியல் பாடநூல் ஒன்றின் உள்ளடக்கத்தை எடுத்துப் பார்த்தால் இதே ஐந்தும் அதிகாரங்களாக இருக்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு அருகான இலக்கிய வழக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது இச்சொல்லைக் குறுகியது என்று ஒதுக்குவது பொருந்தாது.

அதற்கு முந்தைய 1037ஆம் குறளையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகக் குறையும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கிறது அது. கோடை உழவு போட்டுக் காய்ந்த மண் முதல் மழையில் நனையும்போது நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகி, மண்ணிலுள்ள கரிமப் பொருளைச் சிதைத்துத் தழைச்சத்தை (நைட்ரஜனை) விடுவிப்பதை ஹெச். எஃப். பர்ச் என்னும் ஆய்வாளர் 1950களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் அளந்து காட்டினார். அவர் பெயராலேயே அவ்விளைவு இன்று அறியப்படுகிறது. அவ்வாறு கிடைக்கும் சத்து, மண்ணில் கரிமப் பொருள் இருக்கும்வரைதான் வரும். ஆண்டுதோறும் எரு இடாமல் இதையே நம்பினால் நிலம் இளைத்துவிடும். அடுத்த குறளிலேயே எருவை ஏரினும் மேலாக வைத்ததற்கு உழவியல் நோக்கில் இதைக் காரணமாகக் கொள்ளலாம்.

இன்றைய வயலில் இதற்கு இன்னும் நேரடியான சான்று காவிரிப் படுகையில் இருக்கிறது. அங்கே சம்பா அல்லது தாளடி நெல் அறுவடைக்குச் சுமார் 5 முதல் 10 நாட்களுக்கு முன்பே, நின்றுகொண்டிருக்கும் நெற்பயிரின் ஊடே உளுந்தையோ பச்சைப் பயறையோ வீசி விதைத்துவிடுவார்கள். ஏரும் இல்லை, டிராக்டரும் இல்லை. மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்து வெடித்திருந்தால் முளைக்காது. கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், ஆனால் தடத்தில் நீர் ஊறி நிற்கக் கூடாது. நெல் அறுத்து முடித்தபின் தாள்களுக்கிடையே முளைத்து நிற்கும் உளுந்து, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைந்துவிடும். புறநானூற்றுக் குறவர் பார்த்த பதத்தைத்தான் இவர்களும் பார்க்கிறார்கள். உளுந்துக்கு உழவில்லை என்பதால் விதைத்தவர் உழவர் இல்லை என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. எந்த ஈரத்தில், எந்த நாளில், எத்தனை கிலோ விதையை வீசுவது என்ற கணக்கு முழுவதும் உழவியலே.

ஒரு எல்லைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். பழம், காய்கறி, மலர், மலைத்தோட்டப் பயிர் ஆகியவற்றைக் கல்லூரிகள் தோட்டக்கலை என்று பிரித்துவிடுகின்றன. ஆனால் கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமுள்ள நிலம். அதில் சோளமும் பருத்தியும் விளையும். காடு என்றால் வானம் பார்த்த நிலம். ஆகவே அங்குள்ள உழவரிடம் 'தோட்டக்கலைத் துறை' என்று சொல்லும்போது, அது பயிரை வைத்துப் பிரித்த துறையே அன்றி நிலத்தை வைத்துப் பிரித்ததன்று என்பதை விளக்கிவிடுவது நல்லது. மக்காச்சோளம் தோட்டத்தில் விளைந்தாலும் அது உழவியலுக்கே உரியது.

பூச்சி மேலாண்மைக் கையேடுகளில் 'உழவியல் முறைகள்' என்ற தலைப்பை அடிக்கடி காணலாம். மருந்து தெளிக்காமல் சாகுபடியின் வழியாகவே பூச்சியைக் கட்டுப்படுத்துவது அதன் பொருள். கோடை உழவால் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுவது அதில் ஒன்றே ஒன்றுதான். நெல்லில் புகையான் தாக்குதலுக்குச் சொல்லப்படும் முறை எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது வெற்றிடைவெளி, விட்டு நடுவது. புகையான் பூச்சி தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, நிழலும் புழுக்கமும் உள்ள இடத்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும். பட்டம் விட்ட வயலில் வெளிச்சமும் காற்றும் அடித்தூர்வரை இறங்குவதால் அந்தப் புழுக்கம் குறைகிறது. தாக்குதல் தெரிந்தவுடன் நீரை வடிப்பதும், உள்ளே நடந்து தூரைப் பிரித்துப் பார்ப்பதும் எளிதாகிறது. இங்கே ஏருக்கு வேலையே இல்லை என்றாலும் உழவியல் என்ற பெயர் மிகச் சரியாகப் பொருந்துகிறது.

எழுதும்போது ஒரு வேறுபாட்டை மட்டும் கடைப்பிடித்தால் குழப்பம் வராது. மண்ணைப் புரட்டும் செயலைப் பற்றிப் பேசும் இடத்தில் உழவு என்றும், கோடை உழவு, புழுதி உழவு, சேற்றுழவு, உழவில்லாச் சாகுபடி என்றும் எழுதலாம். துறையையும் அதன் பரிந்துரைகளையும் குறிக்கும் இடத்தில் உழவியல் என்று எழுதலாம். அத்துறை அறிஞர் உழவியலர். ஒரு நெல் இரகத்தின் உயரம், வயது, தூர் கட்டும் திறன், சாயாத தன்மை ஆகியவற்றை உழவியல் பண்புகள் என்று தொகுத்துச் சொல்லலாம். அரிசியின் சமையல் தரமும் மணமும் அந்தத் தொகுப்பில் சேரா. 'வேளாண் வல்லுநர்' என்று செய்தித்தாள்கள் பொதுவாக எழுதுவதை, அவர் மண்ணியலரா, பூச்சியியலரா, உழவியலரா என்று குறிப்பிட்டே எழுதினால், எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பது படிக்கும் உழவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.