சிரம்பான் போகும் வழியில் காணாமல் போன உருமி

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. கோலாலம்பூரில் நாட்டுப்புறப் பாடகர்களும், சொந்தமாக எழுதி மெட்டமைத்துப் பாடும் இண்டி பாடகர்களும் சேர்ந்து நடத்திய கச்சேரி ஒன்று வானொலியில் நேரலையாகப் போனது. அதைக் கேட்டுக்கொண்டே அவர் தெற்கு நோக்கிக் காரோட்டியிருக்கிறார். கே.எல். எல்லைக்குள் இருந்தவரை கித்தார் இடதுபக்கம், குரல் நடுவில், உருமி இரண்டு பக்கமும் விரிந்து, மேடைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். நீலாய் தாண்டியதும் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். சிரம்பானை நெருங்கும்போது இரைச்சல் அடங்கிவிட்டது, ஆனால் கித்தார் நடுவுக்கு வந்துவிட்டது, உருமியின் கனத்த ஒலியும் போய் வெறும் தோல் தட்டும் சத்தம்தான் மிச்சம். குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "சிக்னல் குறைந்தால் எல்லாமே சேர்ந்துதானே குறையவேண்டும்?" என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. அவர் கவனித்த நான்கு விஷயத்துக்கும் ஒரே இடத்தில்தான் விடை இருக்கிறது.

பண்பலையின் அடிப்படை பள்ளியில் படித்ததுதான். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் நிலையத்துக்கு ஓர் அலைவரிசை, ஒலிக்கு ஏற்ப அந்த அலைவரிசை அதிகபட்சம் 75 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் ஆடும், ரேடியோ அந்த ஆட்டத்தை அளந்து ஒலியாக்கும். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போவதால்தான் கெந்திங் பக்கம் 1,700 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குனோங் உலு காலியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. தூரமும் நடுவில் வரும் குன்றுகளும் சிக்னலைத் தேய்க்கும். சரி, இது போதும்.

எனக்குப் பிடித்த பகுதி இனிதான். இருப்பது ஒரே அலைவரிசை, அதில் இடது, வலது என்று இரண்டு ஒலிகளை எப்படி அனுப்புவது? 1961-இல் அமெரிக்கா இதற்கு ஒரு முறையை ஏற்றுக்கொண்டது, இன்றுவரை நம் கார் ரேடியோ அதையேதான் பின்பற்றுகிறது. அன்று வீடுகளில் இருந்தவை எல்லாம் ஒற்றை ஸ்பீக்கர் மோனோ ரேடியோக்கள். இடதை மட்டும் ஓர் இடத்திலும் வலதை மட்டும் இன்னோர் இடத்திலும் வைத்து அனுப்பினால், பழைய ரேடியோ வைத்திருப்பவருக்குப் பாதிக் கச்சேரிதான் கேட்கும். அதனால் இடதையும் வலதையும் கூட்டி, அந்தக் கூட்டலை 15 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள வழக்கமான இடத்தில் வைத்தார்கள். பழைய ரேடியோவுக்கு அது போதும், முழுக் கச்சேரியும் கேட்டுவிடும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் வரும் வித்தியாசத்தை மட்டும் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில், 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஏற்றிவைத்தார்கள். ஸ்டீரியோ ரேடியோ இரண்டையும் கூட்டினால் இடது கிடைக்கும், கழித்தால் வலது கிடைக்கும்.

ஆனால் ரேடியோ உட்கார்ந்து கணக்குப் போடத் தேவையில்லை என்பதுதான் இதில் அழகு. வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸ் அலையால் பெருக்கிக் கூட்டலோடு சேர்த்து அனுப்புகிறோம் இல்லையா, அந்த அலை உச்சியில் இருக்கும் கணத்தில் பெருக்கம் +1. அப்போது கூட்டலும் வித்தியாசமும் சேர்ந்து வலது அடிபட்டுப் போய் இடது மட்டும் இரட்டிப்பாக நிற்கும். அலை அடியில் இருக்கும் கணத்தில் பெருக்கம் −1, இடது அடிபட்டு வலது மட்டும் நிற்கும். அதாவது நொடிக்கு 38,000 முறை இடது, வலது, இடது, வலது என்று மாறிமாறி வந்துகொண்டே இருக்கிறது. ரேடியோவுக்குள் ஒரு மின்னணு ஸ்விட்ச் அதே வேகத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினால் போதும், இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். இயற்கணிதமும் ஒரு ஸ்விட்ச்சும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பது எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்குச் சலிக்காத விஷயம்.

ஸ்விட்ச் எப்போது திரும்பவேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? பஜனையில் ஒருவர் ஜால்ரா தட்டிக்கொண்டே இருப்பாரே, அந்த வேலைக்குத்தான் 19 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய ஓர் ஒலி கூடவே போகிறது. ரேடியோ அதை இரட்டிப்பாக்கி 38 ஆக்கிக்கொள்கிறது. நேரடியாக 38-ஐயே அனுப்பியிருக்கலாமே என்று தோன்றும். உருமியின் 100 ஹெர்ட்ஸ் ஒலி வித்தியாசத்தில் இருந்தால் அது மேலே ஏறும்போது 37,900-லும் 38,100-லும் போய் உட்காரும். அவ்வளவு நெருக்கத்தில் நடுவில் இருக்கும் 38,000-ஐ மட்டும் வடிகட்டி எடுப்பது பெரும் பாடு. 19-ஐச் சுற்றியோ 15 முதல் 23 வரை இடம் காலியாகக் கிடக்கிறது. காரின் திரையில் நிலையத்தின் பெயர் வருகிறதே, அந்தத் தகவலும் 57 கிலோஹெர்ட்ஸில், சரியாக 19-இன் மூன்று மடங்கில் பயணிக்கிறது.

இப்போது நீலாய்க்கு வருவோம். எஃப்எம் ரேடியோ அளப்பது அலையின் நடுக்கம் எவ்வளவு வேகமானது என்பதைத்தான். ஒரே அளவு நடுக்கம் வேகமாக நடந்தால் பெரிய இரைச்சலாகத் தெரியும், ஆகவே மேலே போகப்போக இரைச்சல் கூடும். கூட்டல் கீழே பத்திரமாக இருக்கிறது. வித்தியாசம் இருப்பதோ 38-ஐச் சுற்றிய இரைச்சல் காட்டில். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோவுக்கு மோனோவைவிட 20 டெசிபெல்லுக்கு மேல், அதாவது 100 மடங்குக்கும் அதிகமான இரைச்சல் ஆற்றல் வந்து சேர்கிறது. கார் ரேடியோ இதை உணர்ந்து வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடைசியில் விட்டுவிடுகிறது. இரைச்சல் போகிறது. கித்தாரை இடதில் நிறுத்தியதே அந்த வித்தியாசம்தான் என்பதால் கித்தார் நடுவுக்கு வருகிறது. குரல் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது, கழித்தால் பூஜ்யம், அது முழுக்கக் கூட்டலிலேயே இருந்ததால் அதற்கு ஒன்றும் நேரவில்லை.

இடையில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பண்பலையால் பெரிய நன்மை இல்லை என்று 1922-இல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் கார்சன் கணக்குப் போட்டே காட்டினார், குறுகிய பட்டைக்கு அந்தக் கணக்கு சரியும்கூட. இன்னொரு அமெரிக்கப் பொறியாளரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங், பட்டையை அகலமாக்கினால் என்ன ஆகும் என்று விடாமல் முயன்று 1933-இல் காப்புரிமை பெற்றார், 1935-இல் செய்தும் காட்டினார். பழைய கண்டுபிடிப்புகளால் வந்த சொந்தப் பணம் அவர் கையில் இருந்தது. அது இல்லாத ஒருவர் இன்று இப்படி ஒரு யோசனையோடு ஆய்வு மானியம் கேட்டுப் போனால், எத்தனை மாதத்தில் விற்பனைக்கு வரும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

உருமிக்கு வருவோம். அதற்கு இரண்டு முகம்: ஒன்றை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மற்றதில் அடிப்பார்கள். மேடையில் முகத்துக்கு ஒரு மைக் வைத்து, ஒன்றை இடதுக்கும் மற்றதை வலதுக்கும் அனுப்பியிருக்கவேண்டும் என்பது என் ஊகம். ஒரு முகத்தில் அடி விழும்போது அந்தத் தோல் தன் மைக்கை விட்டு உள்ளே போகும், உள்ளிருக்கும் காற்று தள்ளி எதிர்முகத்துத் தோல் தன் மைக்கை நோக்கி வெளியே வரும். ஒரு மைக்கில் மேடு என்றால் மற்றதில் பள்ளம். ஸ்டீரியோவில் இது விரிந்த, பெரிய ஒலியாகத் தோன்றும். இரண்டையும் கூட்டினால் கனமான கீழ் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வேகமான மேல் ஒலிகள் அவ்வளவு ஒழுங்காக எதிரெதிராக வராததால் தட்டும் சத்தம் மட்டும் தப்பிக்கும். உருமியின் உயிர் முழுக்க வித்தியாசத்தில் போய் உட்கார்ந்திருந்தது, ரேடியோ கைவிட்டதும் அதைத்தான்.

ஒலிப்பொறியாளர் மிக்சரில் ஒரு மைக்கின் போலாரிட்டி பொத்தானை, அதாவது மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் புரட்டிவிடும் பொத்தானை, அழுத்தினால் இது சரியாகிவிடும். உருமியோ தவிலோ, நேரலைக்கு முன்னால் ஒருமுறை மோனோவுக்கு மாற்றி, அந்தப் பொத்தானை அழுத்தியும் விட்டும் கேட்டுப் பார்க்கவேண்டும். எந்த நிலையில் அடிச்சத்தம் கனமாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடலாம்.