சூட்டைக் கூட்டிக் கணித்தால் மட்டும் போதுமா?

பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளை உலர் கலன்களில் வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், முதலில் வரும் கேள்வி "உள்ளே உருகிவிடாதா?" என்பதுதான். நியாயமான பயம்தான். இந்தக் கலன்களுக்கு வெப்பக் கணக்குப் போடுவது என் வேலை என்பதால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, யாரும் அதிகம் கேட்காத இன்னொரு கேள்விக்கு வருகிறேன்.

அணு உலையை நிறுத்திய கணத்திலும் எரிபொருள் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீத வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் அது அரை சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். அப்புறம் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் கிடக்கும். பெரிய உலை ஒன்றில் சுமார் 17 மெகாவாட் தந்த ஒரு எரிபொருள் கட்டு, கலனுக்குப் போகும்போது ஏறக்குறைய ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுக்கே, அதாவது 1 கிலோவாட்டை ஒட்டியே சூடு தரும். அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுகளை ஹீலியம் நிரப்பிய ஒரே எஃகு கலனுக்குள் வைத்து, மூடியை வெல்டிங் செய்து பற்றவைத்து மூடுகிறார்கள். அதைச் சுற்றிக் கான்கிரீட் உறை. கீழே உள்ள துவாரங்களில் குளிர்ந்த காற்று நுழைந்து, சூடேறி, மேலே உள்ள துவாரங்கள் வழியே தானாக வெளியேறும். பம்ப் கிடையாது, மின்விசிறி கிடையாது. 2011-ல் ஃபுகுஷிமா டாய்ச்சியில் இருந்தவை வேறு வகை, கனமான உலோகக் கலன்கள். அவற்றுக்கும் மின்சாரம் தேவையில்லை. சுனாமி நீர் புகுந்த கட்டடத்தில் இருந்த அந்த 9 கலன்களும், அவற்றில் இருந்த 408 எரிபொருள் கட்டுகளும் தப்பித்தன.

ஆகவே உருகுவது எங்கள் கவலை இல்லை. எங்கள் கவலை 400 டிகிரி செல்சியஸ். எரிபொருளைச் சுற்றியுள்ள சிர்கோனியக் கலவைக் குழாய், சாதாரணச் சேமிப்பில் இந்த வெப்பநிலையைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஏற்றுள்ள வரம்பு. உலையில் இருந்த காலத்தில் அந்தக் குழாய் ஹைட்ரஜனை உறிஞ்சியிருக்கும். அதிகச் சூட்டில் அது உலோகத்துக்குள் கரையும். ஆறும்போது, உள்ளழுத்தம் குழாயை இழுத்துக்கொண்டிருந்தால், குழாய்ச் சுவரின் குறுக்கே மெல்லிய தகடுகளாகப் படியும். அப்படிப் படிந்த குழாய் எளிதில் நொறுங்கும். பின்னாளில் எரிபொருளை எடுத்து வேறிடம் கொண்டுபோகும்போது அது உடையக் கூடாது.

பற்றவைத்த கலனுக்குள் வெப்பமானியை விட்டு அளக்க வழியில்லை. அதனால்தான் கணினி மாதிரி. கட்டுகளில் உள்ள ஆயிரக்கணக்கான கோல்களையும், அதாவது எரிபொருள் அடைத்த குழாய்களையும், ஒவ்வொன்றாக வரைய முடியாது. ஒரு கட்டு முழுவதையும் ஒரே பொருளாகப் பாவித்து, அதற்கு ஈடான வெப்பக் கடத்துதிறனைக் கொடுக்கிறோம். ஹீலியம் காற்றைவிட ஏறக்குறைய 6 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கதிர்வீச்சாகப் போகும் வெப்பத்துக்குப் பரப்புகளின் உமிழ்திறன் வேண்டும். இவற்றுக்கெல்லாம் நூல்களில் எண்கள் உண்டு. நூலில் கிடைக்காதது இடைவெளி. எரிபொருள் கட்டுகளைத் தாங்கும் கூடைக்கும் கலன் சுவருக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்? குளிர்ந்த நிலையில் வரைபடம் சொல்லும் எண்ணா, சூட்டில் உலோகம் விரிந்த பிறகு மிஞ்சும் எண்ணா? இந்த ஒரு முடிவு விடையைப் பத்துப் பத்து டிகிரிகளாக நகர்த்தும். திரையில் சிவப்பும் நீலமுமாக விரியும் அழகான படம் இதைக் காட்டிக்கொடுக்காது. தவறான இடைவெளியோடும் படம் அதே அழகோடுதான் வரும்.

சந்தேகம் வந்தால் நாங்கள் சூடு கூடும் பக்கமாகவே சாய்வோம். வெப்ப உற்பத்தியைக் கூட்டி, வெளிக்காற்றைச் சூடாக்கி, இடைவெளியை அகலமாக்கி, அப்படியும் 400-க்குக் கீழே வந்தால் சரி என்போம். இது எவ்வளவு விலகும் என்பது வர்ஜீனியாவின் நார்த் அன்னா அணுமின் நிலையத்தில் தெரிந்தது. 2017-ல் அங்கே 32 கட்டுகள் கொண்ட, பற்றவைக்காத ஒரு சோதனைக் கலனை நிரப்பி, அதன் மூடி வழியாகவே வெப்பமானிகளை இறக்கி அளந்தார்கள். உரிமத்துக்கான கணக்கு உச்ச வெப்பநிலையை 348 டிகிரி என்றது. அளவீட்டில் வந்ததோ சுமார் 230. வெப்ப உற்பத்தியைக் கூட்டிக் கணித்தது வித்தியாசத்தில் ஒரு பங்கு. ஆனால் உண்மையை ஒட்டிக் கணிக்க முயன்ற தனித்தனி மாதிரிகளும் அளவீட்டுக்கு மேலேயே நின்றன. பலரும் சந்தேகத்தோடு பார்த்தது கூடைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைத்தான்.

"நல்லதுதானே, நினைத்ததைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பாத இடம் இது. குழாய்க்கு அது நல்ல செய்தி, ஆனால் கலனின் வெளிச்சுவருக்கு அப்படி இல்லை. கடலோரக் காற்றில் வரும் உப்பு, துவாரங்கள் வழியே நுழைந்து எஃகின் மேல் படியும். எஃகு நல்ல சூடாக இருக்கும்வரை அந்த உப்பு காய்ந்தே கிடக்கும். சூடு இறங்கினால், காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பு நீராகக் கசியும். பற்றவைப்பு ஓரங்களில் இழுவிசை எஞ்சியிருப்பதால், உப்பில் உள்ள குளோரைடு அங்கே மெல்ல விரிசலைத் தொடங்கி வைக்கலாம். சூட்டைக் கூட்டிச் சொல்லும் மாதிரி, இந்த ஆபத்து எந்த ஆண்டில் தொடங்கும் என்பதைத் தள்ளித் தள்ளிக் காட்டும். குழாய்க்கு எச்சரிக்கையாக இருந்த அதே கணக்கு, சுவருக்கு அசட்டையாகிவிடுகிறது.

எனவே இந்தத் துறைக்கு வரும் இளம் பொறியாளர்களிடமும், அறிக்கைகளைப் பரிசீலிக்கும் அதிகாரிகளிடமும், பொது விசாரணைகளில் கேள்வி எழுப்பும் மக்களிடமும் என் வேண்டுகோள் இதுதான்: ஒரே ஒரு உச்ச வெப்பநிலையை வாங்கிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். குழாய்க்கான மேல் எல்லையைக் கேளுங்கள். சுவரின் மிகக் குளிர்ந்த பகுதிக்கான கீழ் எல்லையையும், குளிர்காலக் காற்றோடும் 20, 40 ஆண்டுகள் ஆறிய எரிபொருளோடும் கணித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே உண்மை எங்கே இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும், அதில் கூடைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு எந்த எண் வைக்கப்பட்டது, ஏன் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.