பவளத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர்: கடல்நீர்த் தொட்டிக்கு எந்த பம்ப், எந்த இடம்?

"தொட்டியின் நீளம் 120 செ.மீ., அகலம் 50 செ.மீ., நீர்மட்டம் 50 செ.மீ. பவளம் வளர்க்கப் போகிறேன். தொட்டியின் கொள்ளளவைப் போல் இருபது மடங்கு நீரை ஒரு மணி நேரத்தில் ஓட்டும் பம்ப் போதும் என்கிறார் ஒருவர். நாற்பது மடங்குக்குக் குறையவே கூடாது என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?" என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

300 லிட்டர் தொட்டி. முதலாமவர் கணக்கில் மணிக்கு 6,000 லிட்டர், இரண்டாமவர் கணக்கில் 12,000. இரண்டுமே பலித்த தொட்டிகள் உண்டு. இரண்டுமே பொய்த்த தொட்டிகளும் உண்டு. பவளம் வளர்ப்பவர்களிடையே இந்த மடங்குக் கணக்கு மந்திரம் போல ஓதப்படுகிறது. ஆனால் பவளத்துக்கு மடங்கு தெரியாது. தன் உடலை ஒட்டி நிற்கும் நீர் கழிந்து போகிறதா, இல்லையா என்பது ஒன்றுதான் அதற்குப் பொருட்டு.

அடிப்படைகளை விரைவாகக் கடந்துவிடலாம். பவளம் ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சிற்றுயிர்களின் கூட்டம். அதன் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. அவை பகலில் ஒளிச்சேர்க்கை செய்து, உண்டாக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தந்துவிடுகின்றன. பவளத்துக்குச் செவுளும் கிடையாது, இதயமும் கிடையாது. இடம்விட்டு நகரவும் முடியாது. உள்ளே வர வேண்டியதும் வெளியே போக வேண்டியதும் அதன் மேற்பரப்பைத் தாண்டித்தான் வந்து போக வேண்டும்.

அந்த மேற்பரப்பில்தான் சிக்கல். எந்தத் திரவமும் ஒரு திடப்பொருளின் மேல் ஓடும்போது, பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் கடைசி அடுக்கு ஓடுவதே இல்லை, ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கு மெல்ல ஊர்கிறது, அதற்கு மேலுள்ளது இன்னும் சற்று விரைவாக. இப்படிப் படிப்படியாகத்தான் ஓட்டம் தன் முழு வேகத்தை எட்டுகிறது. இந்த எல்லைப்படலத்தை 1904-ல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் விளக்கியவர் ஜெர்மானியரான லுட்விக் பிராண்டில். விமான இறக்கையின் கணக்குக்கு அடிப்படையாக இருக்கும் அதே படலம்தான் உங்கள் தொட்டியில் பவளத்தின் மேலும் படிந்திருக்கிறது.

காற்றே இல்லாத நாளில் கொடியில் கிடக்கும் ஈரத் துணி எளிதில் உலர்வதில்லை, அதை ஒட்டி ஈரக்காற்று தேங்கி நிற்பதால். பவளத்தின் நிலை அதைவிட மோசம். ஆக்சிஜன் காற்றில் விரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக விரவுகிறது. அசையாத நீரில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு 0.1 மி.மீ. தூரத்தைக் கடக்கச் சராசரியாக இரண்டரை நொடி ஆகும். 1 மி.மீ. கடக்க நான்கு நிமிடம். 1 செ.மீ. கடக்க ஏறக்குறைய ஏழு மணி நேரம்! விரவலில் தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. ஓட்டம் மந்தமாக இருக்கும் இடத்தில் பவளத்தின் மேலுள்ள படலம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். நல்ல ஓட்டத்தில் அதில் சிறு பங்காகச் சுருங்கும். பம்ப் வாங்குவது இந்த ஒரு மில்லிமீட்டரைச் சீவுவதற்காகத்தான்.

சீவினால் என்ன கிடைக்கிறது? "பவளத்துக்கு ஆக்சிஜன் வந்து சேர்கிறது" என்றுதான் பலரும் சொல்வார்கள். இரவுக்கு அது சரி. விளக்கு அணைந்ததும் பவளமும் பாசியும் சேர்ந்து சுவாசிக்கின்றன. பரப்பை ஒட்டிய ஆக்சிஜன் சில நிமிடங்களில் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது. பகலில் கதை தலைகீழாகிறது. 1995-ல் மைக்கேல் கூல் குழுவினர் மிக நுண்ணிய மின்முனைகளைப் பவளத்தின் பரப்பு வரை இறக்கி அளந்தபோது, ஒளியில் அங்கே ஆக்சிஜன் சாதாரண நீரில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் குவிந்திருந்தது. பாசிகள் ஆக்சிஜனை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன, அது போக வழியில்லாமல் படலத்துக்குள் முட்டி நிற்கிறது.

ஆக்சிஜன் மிகுந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. கார்பன் டைஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைக்கும் நொதி ரூபிஸ்கோ. உலகின் பசுமை முழுவதும் நம்பியிருக்கும் இந்த நொதிக்கு ஒரு பெரிய குறை: கார்பன் டைஆக்சைடு எது, ஆக்சிஜன் எது என்று அதற்குத் துல்லியமாகப் பிரித்தறியத் தெரியாது. சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வேலையை வீணடிக்கும். கடல்நீரில் கரைந்த கார்பனுக்குப் பஞ்சமில்லை, பைகார்பனேட்டாக வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆகவே பகல் வெளிச்சத்தில் பவளத்துக்கு நீரோட்டம் செய்யும் முதல் உதவி எதையும் கொண்டுவந்து கொடுப்பதல்ல, ஆக்சிஜனை அள்ளிக்கொண்டு போவது. தாலி மாஸ், அமட்சியா கெனின் உள்ளிட்ட குழுவினர் 2010-ல் பவளம், கடற்பாசி, கடற்புல் மூன்றையும் வைத்து இதைக் காட்டினார்கள்.

2013-ல் அதே வட்டத்தினர் செனியா குடும்பத்து மென்பவளம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கை போன்ற எட்டு உணர்விழைகளை விரித்து மூடி, விரித்து மூடி, நாள் முழுக்கத் துடிக்கும் உயிர் அது. தசையை இப்படி ஓயாமல் இயக்குவது பெருஞ்செலவு. அதைக் கொண்டு அது இரை பிடிப்பதாகவும் தெரியவில்லை. பிறகு எதற்கு? துடிக்கும்போது அதன் ஒளிச்சேர்க்கை, துடிக்காதபோது இருப்பதைவிடப் பத்து மடங்கு வரை உயர்வதை அளந்தார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் அழகு. சுற்றியுள்ள நீரிலேயே ஆக்சிஜனைச் செயற்கையாகக் கூட்டினார்கள். துடிப்பால் வந்த ஆதாயம் மறைந்துவிட்டது! நீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் நிரம்பியிருந்தால் எவ்வளவு விசிறினாலும் உள்ளே இருப்பது வெளியேறாது அல்லவா? செனியா தனக்குத் தானே பம்ப்.

துடிக்கத் தெரியாத கல்பவளங்களும் சும்மா இருப்பதில்லை. அவற்றின் தோல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத குறு இழைகள் அசைந்துகொண்டிருக்கின்றன. சளியை நகர்த்தவும் தூசியைத் தள்ளவும் அவை பயன்படுகின்றன என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2014-ல் ஓர் ஷபீரோ, ரோமன் ஸ்டாக்கர் முதலியோர் பவளத்தின் விளிம்பை நுண்ணோக்கியில் வைத்து, நீரில் துகள்களைக் கலந்து படம் பிடித்தார்கள். இழைகள் எதிரெதிர்த் திசையில் அடித்து, மில்லிமீட்டர் அளவிலான சுழல்களை வரிசையாகச் சுற்றவிடுவது தெரிந்தது. ஒரு சுழல் பரப்பிலிருந்து நீரை மேலே எடுத்துச் செல்ல, பக்கத்துச் சுழல் புதுநீரைக் கீழே இறக்குகிறது. வெளியோட்டம் ஓய்ந்துபோகும் நேரத்தில் பவளம் மூச்சுத் திணறாமல் இருக்க இது கைகொடுக்கிறது.

மென்பவளம் ஏன் துடிக்கிறது, பவளத்தின் மயிரிழை எந்தப் பக்கம் அடிக்கிறது என்றெல்லாம் ஆராய நிதி கேட்டுப் போனால், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்ற கேள்விதான் முதலில் வரும். 1998-ல் உலகெங்கும் பவளங்கள் வெளிறி மடிந்த பின் நாகமுரா, வான் வோசிக் இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். சூடான நீரில் வைத்த ஒரே இனப் பவளம், மந்தமான ஓட்டத்தில் பெருமளவு மடிந்தது; வேகமான ஓட்டத்தில் பெரும்பாலும் பிழைத்தது. கடல் சூடேறிக்கொண்டிருக்கும் காலத்தில் இதைவிடப் பயனுள்ள துப்பு எது? பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் விண்ணப்பப் படிவங்களை வடிவமைப்பவர்கள் செனியாவைச் சற்று நேரம் பார்க்க வேண்டும்.

பம்ப்புக்கு வருவோம். மணிக்கு 4,000 லிட்டர் என்று அட்டையில் அச்சிட்ட இரண்டு பம்ப்புகள். ஒன்று 2 செ.மீ. விட்டமுள்ள குழாய்வாய் வழியே நீரைப் பீய்ச்சுகிறது. வெளியேறும் வேகம் நொடிக்கு மூன்றரை மீட்டர். மற்றொன்று 6 செ.மீ. அகல விசிறியால் தள்ளுகிறது. வேகம் நொடிக்கு 40 செ.மீ.கூட இல்லை. லிட்டர் ஒன்றுதான், ஆனால் முதலாவது அருகிலுள்ள பவளத்தின் சதையை எலும்புக்கூட்டிலிருந்து உரித்துவிடும். அது மட்டுமல்ல. அதே அளவு நீருக்கு அவ்வளவு வேகம் கொடுக்க 81 மடங்கு ஆற்றல் வேண்டும், ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. அந்த ஆற்றல் முழுவதும் கடைசியில் தொட்டியில் வெப்பமாகத்தான் முடியும். ஆகவே தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்க அகன்ற விசிறியுள்ள, வேவ்மேக்கர் எனப்படும் ஓட்டம் உண்டாக்கும் பம்ப் வகையே நல்லது. குறுகிய வாய், உயர்ந்த அழுத்தம் என்பது கீழேயுள்ள சம்ப் என்ற துணைத்தொட்டியிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப்புக்கு உரிய குணம். அந்த வேலைக்கு மணிக்கு ஐந்து மடங்கு போதும். பவளங்களுக்கு வேண்டிய ஓட்டத்தையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

பீய்ச்சும் நீர்த்தாரை தனியாகப் போவதில்லை. போகிற வழியில் பக்கத்து நீரையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு கூம்பாக விரிகிறது. தடையற்ற வெளியில், வாயின் விட்டத்தைப் போல் முப்பது மடங்கு தூரம் போவதற்குள் அது சுமக்கும் நீர் கிட்டத்தட்டப் பத்து மடங்காகிவிடும்; நடு வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். மொத்த உந்தம் மாறாமல், கூர்மையான தாரை அகன்ற, சாதுவான ஓட்டமாக மாறுகிறது. பம்ப்புக்கு முன்னால் காலி இடம் விடுவதன் அருமை இதில் இருக்கிறது. எதிரே அரை அடியில் ஒரு பாறை நின்றால் தாரை விரிவதற்குள் மோதி உந்தம் அங்கேயே சிதறிவிடும்.

வாசகரின் தொட்டிக்கு நான் சொல்வது இது. குறுகிய பக்கக் கண்ணாடி இரண்டிலும் ஒவ்வொரு விசிறி பம்ப், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, 120 செ.மீ. நீளவாக்கில் நோக்கி. ஒன்று ஓடும்போது நீர் மேற்புறமாகப் போய் எதிர்க் கண்ணாடியில் முட்டிக் கீழிறங்கி, தரையை ஒட்டித் திரும்பி வரும். தொட்டி முழுதும் ஒரே பெருஞ்சுழலாகிவிடும். இதற்குப் பாறைகளைப் பின்கண்ணாடியில் சாய்த்து அடுக்காமல் நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும் ஓட்டம் தடைபட்டு, பாறையின் பின்னால் கசடு சேரும். பம்ப்பை நான் சொன்ன ஒரு சாண் ஆழத்துக்கு மேலே ஏற்றினால் காற்றை உறிஞ்சிக் குமிழியாகத் துப்பும், கீழே இறக்கினால் மணலைக் கிளறும். நீர்ப்பரப்பு சற்றே நெளிய வேண்டும். காற்றோடு வாயுப் பரிமாற்றம் அங்கேதான் நடக்கிறது.

இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே திசையில் சீராக ஓடினால் பவளத்தின் பின்பக்கம் என்றும் ஓட்டம் படாமலேயே கிடக்கும். அதோடு, திசை மாறும் ஒவ்வொரு முறையும் எல்லைப்படலம் கலைந்து மீண்டும் புதிதாக வளர வேண்டியிருக்கிறது. முழுத் தடிமனை எட்டுவதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடுகிறது. வெறும் வேகத்தைக் கூட்டுவதைவிட இது மலிவான வழி. சீரான ஓட்டத்தில் படலத்தைப் பாதியாக்க வேகத்தை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் 300 கிலோ நீருக்கு நிலைமம் உண்டு. ஐந்து நொடிக்கு ஒருமுறை மாற்றினால் பெருஞ்சுழல் உருவாகவே உருவாகாது. நிமிடங்கள் அல்லது மணிக்கணக்கில் மாற்றுங்கள். குறுகிய துடிப்பு வேண்டுமானால் அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. இந்த அளவுத் தொட்டியில் நீர் இங்குமங்கும் அலைபாயும் இயல்பான காலம் சுமார் 1.3 நொடி. பம்ப்பின் துடிப்பு அதோடு ஒத்திசைந்தால் நீர் முழுவதும் ஊஞ்சலாடும். பார்க்க அழகுதான், விளிம்பைத் தாண்டித் தெறிக்காத வரை.

போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடியில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, பவளத்தின் அருகே சிறிது மீன் உணவைத் தூவி, மெதுவோட்ட வீடியோ எடுங்கள். துகள் அரை நொடியில் கடந்தால் அங்கே வேகம் நொடிக்கு 20 செ.மீ. அக்ரோபோரா போன்ற கிளைப்பவளங்கள் அதை விரும்பும். யூஃபில்லியா போன்று சதைப்பற்றுள்ளவற்றின் உணர்விழைகள் ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தால் அது அதிகம், மெல்ல அலைந்தால் சரி. காளான் பவளத்தைத் தாழ்வான மூலைக்கு மாற்றிவிடுங்கள். கடல் தாமரை (அனிமோன் எனப்படும் விலங்கு) வளர்ப்பவர்கள் பம்ப்பின் உறிஞ்சுவாய்க்குக் கூடு போட மறக்கக் கூடாது. அது இரவில் ஊர்ந்து போய்ச் சிக்கும்.

சில மாதங்களில் விசிறியின் மேல் சுண்ணாம்பும் சுண்ணப்பாசியும் படிந்து வேகம் தானாகவே குறையும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். மின்சாரம் நின்றால் விளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பவளம் ஓரிரு நாள் இருட்டைத் தாங்கும். ஓட்டம் நிற்பதைத்தான் தாங்காது. இரண்டில் ஒரு பம்ப்பையாவது பேட்டரியில் ஓடக்கூடியதாக வாங்குங்கள், அதை நீர்ப்பரப்பை நோக்கிச் சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள்.