வெளிநாட்டு நன்கொடைக்கு பேமென்ட் கேட்வே: கமிஷனைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை

அறக்கட்டளையின் இணையதளத்தில் நன்கொடைப் பொத்தான் வைக்கலாம் என்று முடிவானதும், இணையவழிப் பணத்தை வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் நிறுவனமான பேமென்ட் கேட்வேயைப் பற்றி நிர்வாகிகள் முதலில் கேட்பது "எந்த கேட்வேயில் கமிஷன் குறைவு?" என்றுதான். உள்நாட்டுப் பணத்துக்கு அது சரியான கேள்வி. வெளிநாட்டுப் பணத்துக்கு, அந்தப் பணம் முதலில் எந்தக் கணக்கில் போய் விழும் என்று கேட்க வேண்டும்.

2020-இல் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டு நன்கொடை எதுவானாலும் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி மெயின் பிராஞ்சில் உள்ள உங்கள் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில்தான் முதலில் வரவு வைக்கப்பட வேண்டும். அங்கிருந்துதான் மதுரையிலோ சேலத்திலோ உள்ள உங்கள் வங்கிக்கு மாற்றிச் செலவு செய்யலாம். கேட்வே நிறுவனமோ, நீங்கள் பதிவு செய்யும்போது கொடுத்த ஒரே கணக்கில்தான் எல்லாப் பணத்தையும் செட்டில் செய்யும். உள்ளூர்க் கணக்கைக் கொடுத்துவிட்டு சர்வதேச கார்டு வசதியையும் திறந்து வைத்தால், முதல் வெளிநாட்டு நன்கொடை வந்த அன்றே சட்டமீறல் நடந்துவிடும். பிறகு அதை டெல்லிக் கணக்குக்கு மாற்றினாலும் சரியாகாது.

அதனால் கேட்வேயிடம் இரண்டு தனித்தனி மெர்ச்சன்ட் ஐடி (பணம் பெறுபவருக்கான பதிவு எண்) வாங்குங்கள். உள்நாட்டு ஐடியில் சர்வதேச கார்டுகளை முழுவதும் அடைத்துவிடச் சொல்லுங்கள். கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களே எந்த நாட்டு வங்கி வழங்கிய கார்டு என்பதைக் காட்டிவிடும். ஆகவே கேட்வேக்கு இது எளிய வேலை. இரண்டாவது ஐடி டெல்லிக் கணக்குக்கு மட்டும். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கார்டை அடைத்தால் மட்டும் போதாது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே இங்கே முக்கியம். துபாயில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருப்பவர், சென்னையில் உள்ள தன் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக வைக்கும் கணக்கு) ரூபாயாகவே அனுப்பினாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். இந்திய வங்கி, இந்திய ரூபாய், இந்திய டெபிட் கார்டு. எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது. படிவத்தில் நாம் கேட்டால்தான் தெரியும். "எங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பயனில்லை. "இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்களா, வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டா?" என்று கேளுங்கள். வேறு நாடு என்றால் படிவமே இரண்டாவது ஐடிக்குத் திருப்பிவிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் என்றால் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அவருடைய வெளிநாட்டுக் கார்டு உள்நாட்டு ஐடியில் ஏறாது, என்.ஆர்.இ. கணக்கிலிருந்து (வெளிநாட்டு வருமானத்தைப் போட்டுவைக்கும் இந்திய வங்கிக் கணக்கு) நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது நன்கொடையாளர் விவரம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கேட்வே ஒவ்வொரு நன்கொடையையும் தனித்தனியாக அனுப்புவதில்லை. ஒரு நாளின் வரவை மொத்தமாகச் சேர்த்து, கமிஷனைக் கழித்துவிட்டு அனுப்பும். வங்கிக் கணக்கில் அனுப்பியவர் பெயராக கேட்வேயின் பெயர்தான் நிற்கும். ஆனால் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்கு வரும் பணத்தில் கொடுத்தவரின் பெயர், முகவரி, நாடு, தொகை, நோக்கம் ஆகியவை பதிவாக வேண்டும் என்பதற்காகவே 2023 மார்ச் 15 முதல் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். ஆகிய வங்கிப் பணமாற்ற முறைகளில் ரிசர்வ் வங்கி மாற்றம் கொண்டுவந்தது. "எஃப்.சி.ஆர்.ஏ. கணக்குக்கு செட்டில் செய்யும்போது இந்த விவரங்களை எப்படி அனுப்புவீர்கள்?" என்று கேட்வேயின் விற்பனைப் பிரதிநிதியிடம் கேளுங்கள். மழுப்பினால் அந்த கேட்வேயை விட்டுவிடலாம். "எங்களிடம் கிராஸ் பார்டர் (நாடு கடந்த பணப் பரிமாற்ற) உரிமம் இருக்கிறது" என்று பதில் வந்தாலும் மயங்க வேண்டாம். ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் கொண்டுவந்த அந்த ஏற்பாடு பொருள், சேவை ஏற்றுமதி இறக்குமதிக்கானது. நன்கொடை ஏற்றுமதி அல்ல.

கணக்கு எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் 10,000 ரூபாய்க்கு ஈடான டாலர் கொடுக்கிறார். கமிஷன் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 300 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 54. வங்கிக்கு வருவது 9,646. புத்தகத்தில் 9,646-ஐ வரவு வைப்பது தவறு. 10,000 வரவு, 354 செலவு என்று எழுத வேண்டும். நன்கொடையாளருக்குத் தரும் ரசீதும் 10,000-க்குத்தான். அந்த 354-ஐ, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்குச் சட்டம் அனுமதிக்கும் 20 சதவீத உச்சவரம்புக்குள் வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு. இதற்கெல்லாம் பரிவர்த்தனை வாரியான செட்டில்மென்ட் அறிக்கை வேண்டும். டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 (வெளிநாட்டு நன்கொடைக்கான ஆண்டுக் கணக்குப் படிவம்) தாக்கல் செய்ய உட்காரும்போது அதைத் தேடாமல், மாதாமாதம் இறக்கி வையுங்கள்.

மாதச் சந்தா வசதி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். புதுப்பித்தல் ஆணை வராமல் பதிவு காலாவதியானால், இணையதளத்தில் பொத்தானை எடுத்துவிட்டாலும் பழைய நன்கொடையாளர்களின் கார்டிலிருந்து மாதாமாதம் பணம் தானாக வந்துகொண்டே இருக்கும். வரும் ஒவ்வொரு தவணையும் மீறல்தான். சந்தாக்களை ஒரே சொடுக்கில் நிறுத்தும் வசதி உண்டா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

திருட்டுக் கார்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். குறைந்தபட்சத் தொகை வைக்காத நன்கொடைப் பக்கம், திருடிய கார்டுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று 1 டாலர் போட்டுச் சோதிப்பவர்களுக்கு வசதியான இடம். பல வெளிநாட்டுக் கார்டுகளில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் போய்விடும். கார்டின் உண்மையான சொந்தக்காரர் சில மாதம் கழித்துக்கூட சார்ஜ்பேக் போடலாம், அதாவது தன் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அப்போது வேறொருவர் கொடுத்த நன்கொடையிலிருந்து கேட்வே அதைக் கழித்துக்கொள்ளும். குறைந்தது 10 டாலர் என்று வையுங்கள். கேப்ட்சாவும் (மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) ஒரே இணைய (ஐ.பி.) முகவரியிலிருந்து வரும் முயற்சிகளுக்கு வரம்பும் வேண்டும்.

உண்மையில் ஆண்டுக்கு நாற்பது ஐம்பது வெளிநாட்டு நன்கொடையாளர்கள்தான் என்றால் கேட்வே தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. பெரிய தொகைக்கு ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையேயான சர்வதேசப் பணமாற்ற முறை) வழியாக நேரே டெல்லிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம். அனுப்பியவர் விவரமும் கூடவே வந்துவிடும். அமெரிக்கர் உங்களுக்கு நேரடியாகக் கொடுத்தால் அவருக்கு அங்கே வரிச்சலுகை கிடைக்காது. குளோபல்கிவிங், சி.ஏ.எஃப். அமெரிக்கா போன்ற அமெரிக்கப் பதிவுபெற்ற அமைப்பு வழியாகக் கொடுத்தால் கிடைக்கும். அவர்கள் பிடித்துக்கொள்ளும் சதவீதம் கேட்வே கமிஷனைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் உங்களுக்கு வருவது ஒரே அமைப்பிடமிருந்து ஒரே தொகை. இதில் எது லாபம் என்பதை, உங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.