நாங்கள் குதித்த கிணறும் இவர்கள் குதிக்கும் கிணறும்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். கிணற்று மேட்டில் இருந்து ஐந்தாறு பையன்கள் அந்தரத்தில் பறந்துகொண்டிருப்பார்கள். "செல்போனும் இல்லை, நீச்சல் கோச்சும் இல்லை, நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்று கீழே எழுதியிருக்கும். என் வயதுக்காரர்கள் ஆளாளுக்குத் தங்கள் கிணற்றுக் கதையைச் சொல்வார்கள். அந்தக் கதைகளில் பொய் இல்லை. நானும் அப்படிக் குதித்து வளர்ந்தவன்தான். ஆனால் பிறகு தீயணைப்புத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். எத்தனையோ கிணறுகளில் கயிறு கட்டி இறங்கியிருக்கிறேன். அதனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

செங்கோட்டைக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர் புளியரை. 1956 நவம்பர் 1-க்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. என் சிறு வயதிலும் பாதிச் சொந்தம் ஆரியங்காவு, தென்மலை என்று மலைக்கு அந்தப் பக்கம்தான். லீவு விட்டால் அங்கிருந்து பிள்ளைகள் மீட்டர்கேஜ் ரயிலில் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் நேராகக் கிணற்றுக்குத்தான்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைப்பது அதற்குள் நின்றுபோய் மோட்டார் வந்துவிட்டது. கமலைக்கல் மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் எங்களுக்குக் குதிக்கும் பலகை. கிணற்றுச் சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கல்படிகளில் ஈரக்காலோடு ஏறி வந்து, மறுபடி குதித்து, கண் சிவந்து, விரல் நுனி சுருங்கிப் போகிற வரைக்கும் கிடப்போம். முங்கி அடிமண் எடுத்து வந்து காட்டுகிறவன்தான் அன்றைக்குப் பெரிய ஆள். மத்தியானம் ஆச்சி வந்து மேட்டில் நின்று, "ஏலேய், ஏறுதீங்களா, இல்ல துணிய எடுத்துட்டுப் போகட்டா?" என்று கத்தினால்தான் ஏறுவோம்.

"யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, யாரும் பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை" என்று அந்தக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. எனக்கு ஆறு வயதில் மாமா என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறக்கினார். குடுக்கையை அவிழ்க்க ஒரு கோடை முழுக்க ஆனது. கமலைக்கல்லில் இருந்து குதிக்க அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. மோட்டார் ரூம் பக்கத்தில் யாராவது தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருப்பார்கள், தொட்டியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். பெரிய பையன்களுக்குச் சின்னவர்கள் பொறுப்பு. உச்சி வேளையில் தனியாகப் போனால் முனி பிடிக்கும் என்று சொல்லிவைத்ததும் ஒரு காவல்தான். ஆள் இல்லாத நேரத்தில் பிள்ளை கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்பதற்கு, பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒரு காரணம் அது. எங்களுக்குச் சுதந்திரம் இருந்தது. அதைச் சுற்றி ஊரின் கண்கள் இருந்தன. கண்களை மறந்துவிட்டுச் சுதந்திரத்தை மட்டும் இப்போது கதையாகச் சொல்கிறோம்.

அந்தக் காவலும் எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. என்னோடு நான்காம் வகுப்பில் படித்த ஒருவன் குளத்தில் போனான். தாமரைக் கொடி காலில் சுற்றிக்கொண்டது. அவன் பெயர் எந்தக் குழுவிலும் வருவதில்லை. "நமக்கு ஒண்ணும் ஆகல" என்று எழுத மிஞ்சியவர்கள் நாங்கள்தானே.

இந்த ஒரு சம்பவத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, ஒரு மே மாதம். கொல்லத்தில் படிக்கிற பையன், பதின்மூன்று வயது, அம்மா ஊருக்கு லீவுக்கு வந்திருந்தான். முந்தின நாள் ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு தாய்மாமன் தன் சிறு வயதுக் கதைகளைச் சொல்லியிருக்கிறார். எந்தக் கிணறு, எவ்வளவு உயரம், எப்படிக் குட்டிக்கரணம் என்று எல்லாம். மறுநாள் காலையில் பையன் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரோடு அந்தக் கிணற்றையே தேடிப் போய்விட்டான்.

அந்தக் கிணறு பத்துப் பதினைந்து வருஷமாகப் புழக்கத்தில் இல்லை. தோட்டத்தில் போர்வெல் போட்டுவிட்டார்கள். வாய் முழுக்க வேலிக்காத்தான் முள். தண்ணீர் பாசி பிடித்து, மாமா காலத்தில் இருந்ததில் கால்வாசிதான் கிடந்தது. அடியில் இடிந்து விழுந்த கல்லும் இடுப்பளவு சகதியும். படிகளில் பாதி உதிர்ந்திருந்தன. கேரளத்தில் வீட்டுக் கிணற்றைச் சுற்றி ஆள்மறை என்கிற தடுப்புச் சுவர் கட்டி, பெரும்பாலும் மேலே வலையும் போட்டிருப்பார்கள். அந்தப் பையன் அறிந்த கிணறு அது. நம்முடைய பாசனக் கிணறு தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நான்தான் இறங்கினேன். மேலே வந்தபோது அந்த மாமா என் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சார் சொன்னேன், நான்தான் சார் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு எதுவும் அவருக்கு வாயில் வரவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதைத்தானே நாம் எல்லாரும் சொல்கிறோம்? தயவுசெய்து கதையை முழுதாகச் சொல்லுங்கள். கமலைக்கல்லைச் சொல்லும்போது சுரைக்குடுக்கையையும் சொல்லுங்கள். உங்கள் மாமா பிடித்திருந்த கயிற்றைச் சொல்லுங்கள். அந்தக் கிணறு இன்றைக்கு எப்படிக் கிடக்கிறது என்று பிள்ளையைக் கையோடு கூட்டிப்போய் மேலே நிறுத்திக் காட்டுங்கள்.

நீரில் மூழ்குகிறவர் கையைத் தூக்கி ஆட்டி, "காப்பாத்துங்க" என்று கத்துவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சு எடுக்கவே வாய் போதாதபோது கத்த முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். பார்க்க விளையாடுகிற மாதிரியே இருக்கும். ஒரு நிமிஷத்துக்குள் உள்ளே போய்விடலாம். அதனால்தான் கரையில் இருப்பவர் போனைப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்க்க வேண்டும் என்கிறேன். நடக்கப் பழகும் குழந்தைக்குக் கிணறுகூட வேண்டாம், குளியலறை வாளி போதும்.

இன்னொன்று, எங்கள் வேலையில் எங்களை மிகவும் வருத்துவது. ஒருவர் தவறி விழுந்தால் அவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைப் பிடிக்க மூன்றாமவர் என்று இறங்கிவிடுவது. பதறியவர் பிடிக்கிற பிடியில் நல்ல நீச்சல்காரரும் உள்ளே போவார். இறங்காதீர்கள். சேலை, வேட்டி, கயிறு, நீளக் கம்பு, மூடிய காலித் தண்ணீர் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். மேலே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். அதில் போகிற நேரம் திரும்பி வராது. மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சைக் கொடுங்கள், பிறகு நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று 108 வரும்வரை நிறுத்தாமல் செய்யுங்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

குற்றாலத்தில் அருவிக்குக் குறுக்கே போலீஸ் கயிறு கட்டினால், "எங்க காலத்துல இப்படித் தடையெல்லாம் இல்லையே" என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே மலையில் பெய்யும் மழை கீழே குளிப்பவருக்குத் தெரியாது. எங்கள் காலத்திலும் தடை இருந்தது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் கரையில் இருக்கும் பெரியவர் ஒரு அதட்டல் போடுவார், எல்லாரும் ஏறிவிடுவோம். இன்று வெளியூரில் இருந்து வந்து குளிப்பவருக்கு அந்தப் பெரியவர் இல்லை. அவர் இடத்தில்தான் அந்தக் கயிறு நிற்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பிள்ளையைப் போனோடு வீட்டுக்குள் பூட்டிவைத்துவிடாதீர்கள். தண்ணீர் தெரியாமல் வளர்ந்த பிள்ளைதான் ஒருநாள் நண்பர்களோடு அணைக்குப் போய் மாட்டிக்கொள்கிறது. ஆறு வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வங்கதேசத்தில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் தடுப்பு கட்டிச் சொல்லித்தருகிறார்கள். அதற்கு நீச்சல் குளமும் ஆயிரக்கணக்கில் ஃபீஸும் வேண்டியதில்லை.

இந்த வருஷம் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் இறைப்பில் இருக்கிற, படி நன்றாக இருக்கிற கிணறு. முள்ளை வெட்டினோம். மோட்டார் வயரை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தோம், பிள்ளைகள் இறங்குகிற நேரத்தில் மெயினை அணைத்துவிடுகிறோம். குறுக்கே ஒரு தடித்த கயிறு, மேலே இரண்டு லாரி டியூப். காலை ஏழு முதல் எட்டரை வரைக்கும்தான், அதுவும் நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள் மேட்டில் இருந்தால்தான். பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள், அதில் ஆறு பேர் பெண் பிள்ளைகள். எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகளை யாரும் இறக்கிவிட்டதில்லை.

சுரைக்குடுக்கை கிடைக்கவில்லை, ஐந்து லிட்டர் கேன்தான் கட்டுகிறோம். பேத்தி இன்று ஏறி வந்து தலை துவட்டும்போது, "நாளைக்குக் கேன் இல்லாம இறங்கட்டா தாத்தா?" என்று கேட்டாள். இன்னும் நாலு நாள் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.